பரிசா, விளைவா: சின்னக் குழந்தைகளிடம் எது எங்கே பலிக்கும்?

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பெரியவர்கள் நாள் முழுவதும் சின்னச் சின்னத் தீர்ப்புகளை வழங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பல் துலக்க மாட்டேன் என்கிறது. ஒரு மிட்டாய் தருவதாகச் சொல்லலாமா? தம்பியைக் கிள்ளிவிட்டது, தனியே உட்கார வைக்கலாமா? கடை வாசலில் புரண்டு அழுகிறது; கேட்டதை வாங்கிக் கொடுப்பதா, அழுது ஓயட்டும் என்று விடுவதா? பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் முன்பருவ வகுப்பு எடுக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வண்ணாமடைப் பக்கத்துத் தாய்மார்கள் வகுப்பு வாசலில் நின்று என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் வராத ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்கிவைக்கப் பரிசு உதவும். வந்துவிட்ட ஒரு கெட்ட பழக்கத்தை நிறுத்த, தண்ணீரைக் கொட்டினால் துடைக்க வைப்பதுபோல, செயலோடு ஒட்டிய சிறிய விளைவு உதவும். அடியும் மிரட்டலும் கைவிட வேண்டியவை. ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும், சொன்ன பெரியவரின் வார்த்தை அந்த வீட்டில் நிற்க வேண்டும். நிற்காத வீட்டில் பரிசும் பலிக்காது, விளைவும் பலிக்காது.

அடம்தானா என்று முதலில் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அம்மா விடிவதற்கு முன் எழுந்து சமையலைத் தொடங்கினால் குழந்தையும் விழித்துக்கொள்கிறது. இரவில் அப்பா வீடு திரும்பி, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தூங்குகிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஏழு மணி நேரம் தூங்கிய குழந்தை காலையில் சட்டை போட மறுத்து அழுவதற்குப் பரிசும் மருந்தாகாது, தண்டனையும் மருந்தாகாது. இரவுச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்துப் பாருங்கள். நான் பார்த்த வரையில் காலைச் சண்டைகளில் பெரும்பகுதி இதிலேயே குறைந்துவிடுகிறது.

இன்னொன்று எல்லை ஊர்களுக்கே உரியது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது. அங்கே ஆசிரியை மலையாளத்தில் பேசுகிறார். வரிசையில் நில், தட்டை எடுத்து வை, கை கழுவு என்று அவர் சொல்லும்போது மற்ற குழந்தைகள் எழுந்து போகின்றன. இது மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ‘சொன்ன பேச்சுக் கேட்பதில்லை’ என்ற புகார் வீட்டுக்கு வருகிறது, வீட்டில் குழந்தைக்குத் திட்டு விழுகிறது. பாவம், அதற்குச் சொன்னது புரியவே இல்லை. இரண்டு மொழிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் மூன்று வயதில் அந்த நெருக்கம் கைகொடுக்காது. சில வாரங்கள் செய்கையோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் தானாகவே வந்துவிடும். வீட்டிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, தமிழில் சொன்னாலும் புரிந்துகொள்வதில்லை என்றால் மட்டும் காதையும் பேச்சையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தூக்கம், பசி, புரியாமை மூன்றும் காரணமில்லை என்று தெரிந்த பிறகுதான் கீழே உள்ள ஒப்பீட்டுக்கு வேலை.

பரிசு: தொடங்கிவைக்க நல்லது, நிலைநிறுத்தப் போதாது

ஒரு செயலுக்குப் பின் இன்பமான ஒன்று கிடைத்தால் அந்தச் செயல் மீண்டும் நிகழும். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார். அதில் சின்னக் குழந்தையின் பெற்றோருக்கு மிகவும் பயன்படும் பாடம் நேரம் பற்றியது. பரிசு செயலை ஒட்டி உடனே வர வேண்டும். ‘இந்த மாதம் முழுவதும் நல்ல பிள்ளையாக இருந்தால் சைக்கிள்’ என்று நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்வது வீண். அந்த வயதுக்கு மாதம் என்பது பிடிபடாத தூரம். மூன்று வயதில் பரிசு அடுத்த நிமிடமே வர வேண்டும். நான்கில் அன்று மாலைவரை காத்திருக்கும். ஐந்து, ஆறு வயதில் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கும்.

இனி எதைப் பரிசாகக் கொடுப்பது என்ற கேள்வி. தின்பண்டம், பொருள், காசு, கைபேசி, நட்சத்திர அட்டை, பெற்றோரின் நேரம் என்று பல இருக்கின்றன. இவற்றில் தின்பண்டத்தைத்தான் முதலில் ஒதுக்குவேன். பல் சொத்தை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சாப்பாடு கூலியாக மாறிவிடுவது. ‘கீரையைத் தின்றால் சாக்லேட்’ என்று சொல்லும்போது கீரை கஷ்டமான வேலை, சாக்லேட் அதற்குச் சம்பளம் என்று நாமே கற்பித்துவிடுகிறோம். கேரள அங்கன்வாடிகளின் உணவுப் பட்டியலில் 2025-இல் முட்டை பிரியாணி சேர்ந்தபோது குழந்தைகளுக்கு வந்த மகிழ்ச்சியை எங்கள் ஊர்களிலும் கண்டோம். அது குழந்தைக்கு உரிமையாகக் கிடைக்கும் உணவு. ‘அழாமல் போனால்தான் பிரியாணி’ என்று வீட்டில் யாரும் அதைத் தூண்டிலாக்க வேண்டாம்.

கைபேசியும் எனக்கு ஏற்புடையதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் கூறுகிறது. எதைப் பரிசாக வைக்கிறோமோ அதன் மதிப்பு குழந்தையின் மனத்தில் ஏறும். குறைக்க வேண்டிய ஒன்றை நாமே ஏன் சிம்மாசனத்தில் ஏற்ற வேண்டும்? காசும் இந்த வயதுக்குத் தேவையில்லை.

மிஞ்சுவது நட்சத்திர அட்டையும் பெற்றோரின் நேரமும். எனக்கு இரண்டுமே பிடிக்கும். அட்டையைப் பலர் தவறாகப் பயன்படுத்துவதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அட்டையில் ஒரே ஒரு பழக்கம் இருக்க வேண்டும். ‘நல்ல பிள்ளையாக இருத்தல்’ என்று எழுதினால் என்ன செய்தால் நட்சத்திரம் கிடைக்கும் என்று குழந்தைக்கு விளங்காது. ‘இரவில் பல் துலக்குதல்’ என்றால் விளங்கும். எழுத்து தெரியாத வயது என்பதால் பல் துலக்கும் குச்சியின் படத்தை வரைந்துவிடுங்கள். செய்யக் கூடாததை எழுதாமல் செய்ய வேண்டியதை எழுத வேண்டும். துலக்கி முடித்த கையோடு குழந்தையே ஒட்டட்டும். ஐந்து நட்சத்திரம் சேர்ந்தால் அப்பாவோடு மீன்கரை அணை வரை வண்டியில் ஒரு சுற்று, அல்லது அம்மாவோடு களிமண்ணில் பொம்மை செய்ய ஒரு மாலை. ஒருமுறை ஒட்டிய நட்சத்திரத்தை வேறு குறும்புக்காகப் பிய்த்து எடுக்கக் கூடாது. அது சம்பாதித்தது, அதைப் பறித்தால் அட்டையின் மீது அதற்கு இருந்த நம்பிக்கை அன்றோடு முடிந்துபோகும்.

அட்டை எவ்வளவு நாள் தொங்கலாம்? பழக்கம் பிடிக்கும் வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம். அதற்குப் பிறகு மெல்ல விலக்கிவிட வேண்டும். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், தாமாகவே விரும்பிப் படம் வரைகிற மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் வரைபொருள்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, ஆசை காட்டப்பட்ட பிரிவினர் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: குழந்தை தானாக விரும்பிச் செய்வதற்கு ஒருபோதும் விலை வைக்காதீர்கள். பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறது, கோழிக்குத் தீனி போடுகிறது, புத்தகத்தைப் புரட்டுகிறது என்றால் அதை அப்படியே விடுங்கள். பல் துலக்குவதுபோலத் தன்னிடத்தில் இன்பம் இல்லாத, ஆனால் வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பரிசு. நடவு செய்த தென்னங்கன்றுக்குக் கட்டும் ஊன்றுகோல் மாதிரி அது; தண்டு நின்றதும் அவிழ்த்துவிட வேண்டும்.

பரிசும் லஞ்சமும் ஒரே பொருளை வைத்துக்கூட நடக்கும். வேறுபாடு அது வரும் நேரத்தில் இருக்கிறது. கடைக்குக் கிளம்பும் முன்பே, ‘இன்றைக்கு அரிசியும் எண்ணெயும்தான் வாங்குகிறோம் கண்ணு, நீதான் பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நல்லபடியாக வந்தால் திரும்பும்போது வாய்க்கால் பாலத்தில் நின்று வாத்து பார்க்கலாம்’ என்று சொன்னால் அது பரிசு. கடை நடுவே குழந்தை கத்தத் தொடங்கிய பிறகு, நாலு பேர் பார்க்கிறார்களே என்று பிஸ்கட் பொட்டலத்தை வாங்கிக் கையில் திணித்தால் அது லஞ்சம். முதலாவதில் நடந்துகொண்ட விதத்துக்குப் பலன்; இரண்டாவதில் கத்தியதற்குப் பலன்.

பாராட்டு

பாராட்டுக்குச் செலவில்லை, எப்போதும் கைவசம் இருக்கிறது, சொத்தைப் பல்லும் வராது. அதனால் எல்லாப் பரிசுகளிலும் இதையே முதலில் வைப்பேன். ஆனால் எதைப் பாராட்டுகிறோம் என்பது முக்கியம். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்துத் தோல்வி வந்ததும் சோர்ந்துபோனார்கள். ‘நன்றாக முயன்றாய்’ என்று கேட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். அவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். சின்னக் குழந்தைகளிடமும் நான் காண்பது இதே போக்குதான். ‘சமர்த்து’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘செருப்பை நீயே ஜோடியாக வைத்திருக்கிறாயே’ என்று செய்ததைச் சொன்னால் மறுநாளும் செருப்பு ஜோடியாக இருக்கிறது. அக்காவோடு ஒப்பிட்டுப் பாராட்டினால் அன்று இரவே இருவருக்கும் சண்டை வரும். அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

விளைவு: மூன்று கேள்விகளில் தேற வேண்டும்

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற மனநல மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ், தண்டனைக்கு மாற்றாக இரண்டு வகை விளைவுகளை முன்வைத்தார். ஒன்று, செயலிலிருந்து தானாகவே வருவது. மழையில் பொம்மையை விட்டுவந்தால் பொம்மை நனைந்துபோகும். மற்றொன்று, பெரியவர் ஏற்படுத்துவது, ஆனால் செயலோடு பொருந்தியது. தண்ணீரைக் கொட்டினால் துணி எடுத்துத் துடைக்க வேண்டும்.

தானாக வரும் விளைவு மிகச் சிறந்த ஆசிரியர். நாம் நடுவில் வந்து, ‘அப்போதே சொன்னேன் பார்த்தாயா’ என்று பேசிக் கெடுக்காமல் இருந்தால் போதும். ஆனால் அதற்கு எல்லை உண்டு. எங்கள் ஊர்களில் மூலத்தறை வலதுகரைக் கால்வாயும் அதன் கிளைகளும் தோப்புகளுக்கும் வீடுகளுக்கும் பக்கத்திலேயே ஓடுகின்றன. தண்ணீர் திறந்துவிட்ட நாளில், ‘விழுந்தால்தான் தெரியும்’ என்று யாரும் சொல்ல முடியாது. வாய்க்கால், அடுப்பு, சாலை, மின்சாரம், பம்புசெட் அறை இவற்றில் குழந்தைக்கு எந்தத் தேர்வும் கிடையாது. பெரியவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கதவைத் தாழிட வேண்டும். பல் சொத்தைபோல மாதக்கணக்கில் கழித்து வரும் விளைவுகளும் இந்த வயதுக்குப் பாடமாகாது.

பெரியவர் ஏற்படுத்தும் விளைவில்தான் தவறு அதிகம் நடக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய தண்டனையே உள்ளே வந்துவிடுகிறது. எதைச் செய்யும் முன்பும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். செயலோடு தொடர்பு இருக்கிறதா? அவமானப்படுத்தாமல் செய்ய முடியுமா? அளவு சிறியதுதானா? சுவரில் கிறுக்கியதற்குத் துணி கொடுத்துத் துடைக்கச் சொல்வது மூன்றிலும் தேறும். அதே கிறுக்கலுக்காக ஞாயிற்றுக்கிழமை அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்பது தேறாது. சுவருக்கும் அம்மிச்சிக்கும் என்ன தொடர்பு? தம்பியின் மேல் கட்டையை எறிந்தால் கட்டைகள் அன்று மாலை வரை அலமாரி மேல். ‘எறிந்தாய், அதனால் கட்டை மேலே போகிறது, சாயங்காலம் மறுபடி விளையாடலாம்’ என்று சாதாரணக் குரலில் ஒரே வாக்கியம். மாலையில் மறக்காமல் கீழே இறக்கித் தர வேண்டும். ஒரு வாரம் பூட்டி வைத்தால், இரண்டாம் நாளே எதற்காகப் பூட்டினோம் என்பது மறந்து, பூட்டியவர் மேலுள்ள கோபம் மட்டும் மிச்சமிருக்கும்.

விளைவைச் செயலுக்கு முன்பே ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். சொல்லாமல் திடீரென்று வரும் விளைவு குழந்தைக்குப் பெரியவரின் கோபமாகத்தான் தெரியும். கோபம் வந்தால் பறிபோகும், கோபம் இல்லாவிட்டால் தப்பிக்கலாம் என்று அது நம் முகத்தைப் படிக்கப் பழகிவிடும்.

தனியே உட்கார வைப்பதும் கண்டுகொள்ளாமல் இருப்பதும்

அடித்தல், கடித்தல், எச்சில் துப்புதல் போன்றவற்றுக்கு, சூழலை விட்டுச் சற்று நேரம் விலக்கி உட்கார வைப்பது மூன்று வயதுக்கு மேல் பயன்படும். வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு; நான்கு வயதுக்கு நான்கு நிமிடம். நம் கண்பார்வையில், வெளிச்சமான திண்ணையில், ஒரு பாயில். இருட்டறையும் குளியலறையும் கூடவே கூடாது. முடிந்ததும் பழைய கதையைக் கிளறாமல் விளையாட்டுக்குத் திரும்ப அழைக்க வேண்டும். இது பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: விலகியிருப்பது வருத்தம் தரும் அளவுக்கு, மற்ற நேரத்தில் நம்மோடு இருப்பது இனிமையாக இருக்க வேண்டும். நாள் முழுவதும் யாரும் முகம் கொடுக்காத குழந்தைக்குத் திண்ணையில் உட்கார்வது ஒரு பொருட்டே இல்லை. சில குழந்தைகள் தனியே விட்டால் இன்னும் மிரண்டு அலறும். அவற்றோடு நாமும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துவிடுவது நல்லது.

சிணுங்கல், முனகல், வேண்டுமென்றே செய்யும் கோணங்கி ஆகியவற்றுக்குக் கண்டுகொள்ளாமல் இருப்பதே மேல். ஆனால் தொடங்கியவர் முடிக்க வேண்டும். கவனிப்பு நின்றவுடன் அழுகை முதலில் கூடும், பிறகுதான் குறையும். கூடும் நேரத்தில் மனம் இளகிக் கேட்டதைக் கொடுத்துவிட்டால், உரக்க அழுதால் கிடைக்கும் என்று நாமே பாடம் நடத்தியதாகிவிடும். அந்த உறுதி இல்லாத நாளில் இந்த வழியைத் தொடங்கவே வேண்டாம். முதல் சிணுங்கலிலேயே கொடுத்துவிடுவது அதைவிடக் குறைந்த கேடு.

அடியும் பயமும்

‘அடியாத மாடு படியாது’ என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். குழந்தை மாடு இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். படிகிறதா என்பதையே பார்ப்போம். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ கிரோகன்-கெய்லர் இருவரும் 2016-இல் 75 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அவற்றில் அடங்கிய குழந்தைகள் ஏறத்தாழ 1,60,000 பேர். கை ஓங்கிப் புட்டத்தில் தட்டும் ‘சாதாரண’ அடியைத்தான் பார்த்தார்கள். அடி வாங்கும் குழந்தைகளிடம் கீழ்ப்படிதல் கூடவில்லை. முரட்டுத்தனமும் மனச்சோர்வும் பெற்றோரோடு விலகலும்தான் கூடுதலாகக் காணப்பட்டன. வீட்டிலும் குழந்தையை அடிக்கக் கூடாது என்று 1979-இல் சுவீடன் உலகிலேயே முதன்முதலாகச் சட்டம் செய்தது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பள்ளியில் ஆசிரியர் செய்தால் குற்றம் என்று நாம் ஒப்புக்கொண்ட ஒன்று வீட்டுக்குள் அன்பாக மாறிவிடாது.

அடி உடனே நிறுத்துகிறது, அதனால்தான் கைவிட மனம் வருவதில்லை. ஆம், அந்த நிமிடம் நிறுத்துகிறது. தம்பியை அடித்ததற்காக அடி வாங்கிய குழந்தை, பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை நாம் பார்க்காத இடத்தில் அடிக்கும்.

பயமுறுத்துவதை யாரும் தண்டனையாகவே எண்ணுவதில்லை. பூச்சாண்டி வருவான், டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன், செக்போஸ்ட் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்கிறோம். கடைசியாகச் சொன்னதை வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது. சித்தூரில் கொங்கன்படைத் திருவிழாக் கூட்டத்தில் குழந்தை கை நழுவிப் போனால் அது யாரிடம் ஓட வேண்டும்? சீருடை போட்டவரிடம்தானே. அவரைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும்படி நாமே பழக்கி வைத்திருந்தால் என்ன ஆகும்? ‘விட்டுவிட்டுப் போய்விடுவேன்’ என்று பஸ் நிறுத்தத்தில் நாலடி நடந்து காட்டுவதும் இந்த வகைதான். குழந்தை நம்பினால் அதன் அடிமனத்தில் கலக்கம்; நம்பாவிட்டால் நம் வார்த்தைக்கு அதோடு மதிப்பு முடிந்தது. இரண்டில் எதுவும் நமக்கு வேண்டாம்.

எதற்கு எது

பல் துலக்குதல், பொம்மையை எடுத்துவைத்தல், தானே சட்டை போடுதல்: நட்சத்திர அட்டை, பிறகு பாராட்டு, பிறகு எதுவும் வேண்டாம். அடிப்பதும் எறிவதும்: பொருந்திய விளைவு, அடிபட்டவருக்கு ஏதாவது உதவி செய்ய வைத்தல், அமைதியாக இருந்த நேரத்தைக் கவனித்துப் பாராட்டுதல். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சும்மா விளையாடிக்கொண்டிருக்கும்போது ‘அப்பாடா’ என்று அடுக்களைக்குப் போய்விட்டு, அடித்தவுடன் ஓடி வருகிறோம். அம்மாவை வரவழைக்கும் வழி எது என்று குழந்தை கணக்குப் போட்டுவிடுகிறது.

சாப்பாட்டுக்குப் பரிசும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பது அதன் வயிறு. அங்கன்வாடியில் முதல் வாரம் அழுவதற்கும் இரண்டுமே வேண்டாம். பிரிவு வருத்தத்துக்கு விலை பேச முடியாது. எப்போது திரும்பி வருவோம் என்று சொல்லி, சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதுதான் வழி. கழிப்பறைப் பழக்கத்துக்குச் சிறிய பரிசு உதவலாம், ஆனால் நனைத்ததற்குத் தண்டனை ஒருபோதும் கூடாது. இரவில் படுக்கையை நனைப்பதை ஐந்து வயது வரை மருத்துவர்கள் ஒரு கோளாறாகவே கருதுவதில்லை.

இரண்டு வீடு, ஒரே விதி

இத்தனை வழிகளும் தோற்றுப்போகிற ஓர் இடம் உண்டு. அப்பா அம்மா வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் குழந்தை ஆத்தாவிடமோ (அப்பாவின் அம்மா), எல்லைக்கு அந்தப் பக்கம் அம்மிச்சி வீட்டிலோ இருக்கிறது. இங்கே மறுக்கப்பட்டது அங்கே கிடைக்கிறது. அல்லது ஒரே வீட்டிலேயே மூன்று நாள் மறுத்துவிட்டு நான்காம் நாள் கொடுக்கிறோம். ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டிய இன்னொரு செய்தி இங்கேதான் உறைக்கிறது: ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்த பழக்கத்தைவிட, எப்போதாவது பலன் கிடைத்த பழக்கம்தான் மறைய அதிக நாளாகும். நாலு தடவை அழுது ஒரு தடவை கிடைத்தாலும் ஐந்தாவது தடவை அழுவதற்கு அது போதுமான காரணம்.

வார்த்தை நிற்பதன் எடையை 2013-இல் வெளியான ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று அழகாகக் காட்டியது. செலஸ்ட் கிட்டும் அவருடைய குழுவினரும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 28 பேரைச் சேர்த்தார்கள். நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன் என்று ஒரு பெரியவர் சொன்னார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லோருக்கும் ஓர் இனிப்பைக் கொடுத்து, தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவது கிடைக்கும் என்றார்கள். வாக்கு காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம்தான். நாம் ‘பொறுமை இல்லாத பிள்ளை’ என்று பெயர் வைக்கும் பல குழந்தைகளின் பொறுமையின்மை, இதுவரை கேட்ட வாக்குறுதிகளின் கணக்காக இருக்கலாம்.

ஆகவே வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசுவதுதான் முதல் வேலை. இருபது விதிகள் போட்டால் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். மூன்று போதும்: யாரையும் அடிக்கக் கூடாது, வாய்க்கால் பக்கம் தனியே போகக் கூடாது, படுக்கும் முன் பல் துலக்க வேண்டும். இந்த மூன்றில் மட்டும் எந்த வீட்டிலும் யாரும் இளக்கம் காட்டக் கூடாது. மற்றவற்றில் அம்மிச்சி வீட்டுக்கு ஒரு முறை, நம் வீட்டுக்கு ஒரு முறை என்று இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தைகளால் அதைப் புரிந்துகொள்ள முடியும். மாமியாரிடம் மருமகள் சொன்னால் அது குற்றம் சொல்வதாக ஆகிவிடும் என்று பல தாய்மார்கள் தயங்குகிறார்கள். மகன் தன் அம்மாவிடமும், மகள் தன் அம்மாவிடமும் சொல்லிவிடுவது இதற்கு எளிய வழி. ‘நீ செய்வது தப்பு’ என்று தொடங்காமல், ‘ஆத்தா, ராத்திரி பல் துலக்கும் நட்சத்திரத்தை நீங்கள்தான் ஒட்டிவிட வேண்டும்’ என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டால், அவரே அந்த விதியின் காவலராகிவிடுவார்.

பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வரும் அப்புச்சி (அம்மாவின் அப்பா) மடியில் தேன்மிட்டாய்ப் பொட்டலம் வைத்திருப்பார். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள், நட்சத்திர அட்டையோடும் சேர்க்காதீர்கள். பேரன் பல் துலக்கினானா, தங்கையோடு சண்டை போட்டானா என்று எதையும் கேட்காமல் அவர் கொடுக்கட்டும். தின்ற பின் வாயை மட்டும் கொப்பளிக்கச் சொல்லிவிடுங்கள்.